கார்சியா பாடாந்தரமும் ஜென்னி லிண்டும்

நம் சங்கத்தின் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது 'குரல் பயிற்சிப் பாணிகள்' என்ற தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். மூத்தவர்கள் இத்தனை பேர் இருக்க நான் இதைத் தொடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். தலைவர் ஐயா இரண்டு முறை தொலைபேசியில் கேட்டபின் மறுக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பாட்டுக் கற்றுத்தந்த கார்சியா குடும்பம், லாம்பெர்ட்டி தந்தையும் மகனும், பாரிஸில் மார்க்கேசி நடத்திய வகுப்பு ஆகியவற்றை நம் உறுப்பினர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கார்சியா குடும்பத்துப் பாடகிகளில் அக்காள் மாலிப்ரான் பெரியவரா, தங்கை வியார்தோ பெரியவரா என்ற வழக்கும் நம் மாதக் கூட்டங்களில் பலமுறை நடந்து தீர்ப்பில்லாமல் முடிந்திருக்கிறது. நான் பாடகி ஜென்னி லிண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாணியின் தரத்தை அது உருவாக்கிய குரலைவிட, அது காப்பாற்றிய குரலில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

1820இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த லிண்ட், ஒன்பது வயதிலேயே அங்குள்ள ராயல் தியேட்டர் பள்ளியில் சேர்க்கப்பட்டவர். நடிப்பு, நடனம், பாட்டு மூன்றும் அங்கே கற்றுத்தந்தார்கள். குழந்தையாக இருக்கும்போதே மேடையும் ஏற்றினார்கள். 1838 மார்ச் 7ஆம் தேதி வேபரின் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்' ஓபராவில் அகாதேயாகப் பாடி ஊரைக் கவர்ந்தபோது அவருக்கு வயது பதினேழு. அதன்பின் மூச்சு விட நேரமில்லாமல் பாடினார், ஊர் ஊராகவும் போனார். இருபது வயதில் குரல் கம்மிவிட்டது. 1841இல் பாரிஸுக்குப் போய், அந்தக் கார்சியா குடும்பத்துப் பாட்டு ஆசிரியர் மனுவேல் கார்சியா முன் பாடியபோது, கற்றுத்தருவதற்கு இனி குரலே மிச்சமில்லை என்ற பொருளில் அவர் சொல்லிவிட்டார். ஆனாலும் கதவைச் சாத்தவில்லை. ஆறு வாரம் பாடக்கூடாது, பேச்சையும் முடிந்தவரை குறைக்க வேண்டும், அதற்குப் பிறகு வந்து பார் என்றார்.

அந்த ஆறு வாரத்தை அந்தப் பெண் எப்படிக் கழித்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சொந்த ஊரில் நட்சத்திரம். இங்கே வாய் திறக்கத் தடை. கார்சியாவிடம் திரும்பிப் போனதும் என்ன கிடைத்தது? அரியா இல்லை, மேடைப் பாட்டு இல்லை. வாரத்துக்கு இரண்டு பாடம். ஸ்கேலை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்க வேண்டும். ட்ரில்லைக்கூட (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாகப் பாடுவது) சகிக்க முடியாத அளவுக்கு மெதுவாகத்தான் பழகச் சொன்னார் என்று லிண்டே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஓர் ஆண்டுகூட முழுமையாகவில்லை. 1842இல் ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பி 'நோர்மா' ஓபராவில் பாடினார். நடு ஸ்தாயிச் சுரங்கள் சிலவற்றில் மெல்லிய மூட்டம் கடைசிவரை இருந்ததாகக் கேட்டவர்கள் சொல்கிறார்கள். மற்றபடி பழைய காயத்தின் அடையாளம் தெரியவில்லை.

இந்த மெதுவான ஸ்கேலை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்னை சாந்தோமில் ஒரு மாடி வீட்டில் எங்கள் பாட்டு மிஸ்ஸிடம் அனுபவித்திருக்கிறேன். (தம் பெயர் அச்சில் வருவதை அவர் என்றும் விரும்பியதில்லை; பழைய உறுப்பினர்களுக்கு யாரென்று புரியும்.) மிஸ்ஸின் ஆசிரியை இங்கிலாந்தில் படித்தவர். அந்த ஆசிரியைக்குக் கற்றுத்தந்தவர் மார்க்கேசி வகுப்பில் இருந்தவர். மார்க்கேசி கார்சியாவின் நேர் மாணவி. அப்படி எண்ணினால் எங்கள் மிஸ் ஐந்தாவது கை. பியானோ மூடியைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பார். ஒரே ஒரு சுரம் கொடுப்பார். அதை மிக மெலிதாக எடுத்து, பெருக்கி, மறுபடி நூலாக இழைத்து நிறுத்த வேண்டும். மெஸ்ஸா தி வோச்சே என்று நாம் சொல்வது இதைத்தான். இறக்கும்போது சுருதி ஒரு மயிரிழை தாழ்ந்தால் பேசமாட்டார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்துக் கற்றவர்கள் நாங்கள். மார்க்கேசி தம் புதிய மாணவிகளை ஒரே தடவையில் சில நிமிடங்களுக்கு மேல் பாட விட்டதில்லை. நாளுக்கு மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுப்பார். மிஸ்ஸும் அப்படித்தான். வீட்டில் அதிக நேரம் சாதகம் செய்துவிட்டு வந்தால் கண்டுபிடித்துவிடுவார். அன்று பாடம் கிடையாது.

லாம்பெர்ட்டி பக்கம் நிற்கும் அன்பர்கள் இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் எழுப்புவார்கள். லிண்ட் 1868இல் எழுதிய ஒரு கடிதத்தில், தமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு தாமே உழைத்துப் பெற்றது என்றும், கார்சியாவிடம் முக்கியமான சில விஷயங்களை மட்டுமே கற்றதாகவும் குறிப்பிடுகிறார். உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தச் 'சில விஷயங்கள்' இல்லாமல் 1841இலேயே அவர் கதை முடிந்திருக்கும். கார்சியா பாணியின் பெருமையே அங்கேதான் இருக்கிறது. அது மாணவியின் குரலில் ஆசிரியரின் முத்திரையைக் குத்தாது. மாலிப்ரானைப் போல வியார்தோ பாடவில்லை. லிண்டைப் போல மார்க்கேசியின் மாணவி மெல்பா பாடவில்லை. நால்வரும் ஒரே பாடாந்தரம்.

மேற்கொண்டு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெர்லினில் மேயர்பீர் அவருக்காகவே ஓபரா எழுதினார். 1847 மே மாதம் லண்டனில் விக்டோரியா மகாராணி முன் அறிமுகம். அதே ஆண்டு ஜூலையில் வெர்டியின் 'இ மஸ்னதியேரி' ஓபராவில் அமாலியா, வெர்டியே நடத்தினார். 1849 மே மாதம், இருபத்தெட்டு வயதில், ஓபரா மேடைக்கு முழுக்குப் போட்டார். புகழின் உச்சியில் எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் நிகழ்ச்சி அமைப்பாளர் பார்னம் ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரம் டாலர் வீதம் 150 நிகழ்ச்சிகளுக்கு ஒப்பந்தம் போட்டதும், 1850 செப்டம்பரில் நியூயார்க்கின் முதல் டிக்கெட்டை ஒரு தொப்பி வியாபாரி 225 டாலருக்கு ஏலம் எடுத்ததும் பத்திரிகைக் கதைகள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி சுவீடன் பள்ளிகளுக்கும் தர்மங்களுக்கும் போனது என்பதைத்தான் நான் மதிக்கிறேன்.

மற்றப் பாணிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. லாம்பெர்ட்டி வழியில் மூச்சுக்குத் தரும் கவனத்தை நாங்களும் ஏற்கிறோம். பாடகி அல்பானியை உருவாக்கிய பாணியைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கு வருத்தம் வேறோர் ஓடையின் மேல். 1837இல் பாரிஸில் 'கியோம் தெல்' ஓபராவில் டெனர் பாடகர் துப்ரே உச்ச 'ஸி' சுரத்தை மார்புக் குரலிலேயே முழக்கினார். அந்த ஓபராவை இயற்றிய ரோசினிக்கு அது பிடிக்கவில்லை. ரசிகர்களுக்குப் பிடித்துவிட்டது. அந்த முழக்கத்தோடு போட்டி போட முடியாத இன்னொரு டெனர் நூரி இத்தாலிக்குப் போய், 1839இல் நேப்பிள்ஸில் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டார். அன்று தொடங்கிய சத்த மோகம் இன்னும் தணியவில்லை.

யாரையும் மனதில் வைத்து நான் எழுதவில்லை. இன்று சொல்லிக்கொடுப்பவர்களில் நல்ல உழைப்பாளிகள் பலர் உண்டு. சிலர் எனக்கு நெருங்கிய நண்பர்கள். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் படித்த குழந்தை மோசார்ட் ஓபராவில் வரும் 'இரவு ராணி'யின் பாட்டைப் பாடுகிறது. உச்ச 'எஃப்' எட்டினால் கைத்தட்டல்; அதற்குக் கீழே ஒரு சுரமும் ஒழுங்காக நிற்கவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. ட்ரில் எங்கே போயிற்று? ட்ரில் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு நடுக்கம் கேட்கிறது, அதையே விப்ராட்டோ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நூறு பேர் உட்காரும் கூடத்துக்கு மைக். அந்த மைக்கைக் கையில் பிடித்தபடி ஷூபர்ட்! பாட்டு நடுவே தண்ணீர் பாட்டில் திறக்கிறார்கள். தாயார் முதல் வரிசையில் நின்று செல்போனில் படம் பிடிக்கிறார். பிள்ளை அந்தப் போனைப் பார்த்துப் பாடுகிறது. கிரேடு பரீட்சைக்கு மூன்று பாட்டு, அவை முடிந்ததும் அடுத்த கிரேடுக்கு மூன்று பாட்டு. எட்டு கிரேடும் முடித்தவரிடம் மெதுவாக ஒரு ஸ்கேல் கேட்டால் நம்மை விரோதியாகப் பார்க்கிறார். பியானோ வாசிப்பவர் பாடகரின் சிரமத்துக்காகக் கேட்காமலே அரைச் சுரம் இறக்கி வாசிக்கிறார். அதைச் சாமர்த்தியம் என்று பாராட்டுகிறோம். நம் சங்கத்துப் போட்டிகளிலும் கடந்த சில ஆண்டுகளாக நீதிபதிகள் (நானும் ஒருமுறை அந்த நாற்காலியில் இருந்தவன்தான்) சத்தத்துக்கே மதிப்பெண் போட்டிருக்கிறோம். இப்படியே போனால் இருபது வருஷத்தில் மெலிதாகப் பாடுவது என்ற ஒன்று இருந்ததே மறந்துபோகும். குரல் கம்மிய இளம் பெண்கள் காது மூக்கு தொண்டை டாக்டர்களிடம் வரிசையில் நிற்பார்கள். அந்த டாக்டர் தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடிக்கு, 1854இல் தம் தொண்டையையே பார்த்து வழிகாட்டியவரும் நம் கார்சியாதான்.

1883இல் லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் தொடங்கியபோது லிண்ட் அங்கே பாட்டுப் பேராசிரியரானார். 1887இல் மால்வெர்னில் காலமானார். அவருடைய ஆசிரியர் அதன்பின் பத்தொன்பது ஆண்டு இருந்து, 101 வயதில் 1906இல் மறைந்தார். தொண்ணூறு வயதுவரை லண்டன் ராயல் அகாதெமி ஆஃப் மியூசிக்கில் வகுப்பு எடுத்தவர்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் போட்டி விதிகளில், போட்டியாளர் தாம் தேர்ந்த பாட்டுக்கு முன் மைக் இல்லாமல் ஒரே சுரத்தில் ஒரு மெஸ்ஸா தி வோச்சேயும், மெதுவாக ஏறி இறங்கும் ஒரு ஸ்கேலும் பாட வேண்டும், அதற்கு மொத்த மதிப்பெண்ணில் பாதி என்று சேர்க்க வேண்டும். பாதி அதிகம் என்று தோன்றினால் மூன்றில் ஒரு பங்காவது வைக்கலாம். அதற்குக் கீழே இறங்க நான் சம்மதியேன்.