முடிவு யாருடைய சரக்கு?

'எல்லாம் பொய்ச் சண்டைப்பா' என்று சொல்லிவிட்டால் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தை விளக்கியதாகாது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் 1993இல் தொடங்கிய 'ரா' நிகழ்ச்சியில் திங்கள்தோறும் பகை வளர்ந்தது. தீர்வு மட்டும் தள்ளிப்போனது. அதைப் பார்க்கத் தனியாகக் காசு கட்டவேண்டியிருந்தது. விற்றது சண்டையல்ல, முடிவு.

1997 நவம்பர் 9, மாண்ட்ரியல், காசு கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சி. ஷான் மைக்கேல்ஸின் பிடியில் பிரெட் ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளவேயில்லை. முதலாளி வின்ஸ் மக்மேன் மணியடிக்கச் சொன்னார். ஹார்ட்டிடம் பேசிவைத்த முடிவு வேறு. பிறகு அந்தத் துரோகத்தையே கதையாக்கி, கொடுமைக்கார முதலாளியாகத் தானே திரையில் வந்தார் மக்மேன். தொழிலாளியின் கோபமும் சரக்காயிற்று.

அப்போ பொய் எது? அடிபடுகிற உடம்பு நிஜம். முடிவு அவன் கையில் இல்லை என்பது அதைவிட நிஜம்.