பழைய காரும் பாடபேதமும்

தருமத்துப்பட்டியிலிருந்து ஆடலூருக்கு ஏறும் மலைச்சாலையில், காப்பியும் மிளகும் சுமந்து இறங்கும் பழைய ஜீப்புகளைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் ஒரு காலத்தது, கியர்பெட்டி இன்னொரு காலத்தது, கதவு உள்ளூர்ப் பட்டறையில் அடித்தது. இது ‘ஒரிஜினல்’தானா என்று அங்கு யாரும் கேட்பதில்லை. வண்டி வேலையிலிருந்து விடுபட்டு ரஸனைக்குரிய பொருளாகும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களின் மீதான மோகம் நம்மிடம் புதிதல்ல. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் 1950களிலேயே பந்தயங்கள் நடந்தன. கோவையில் 2015ல் ஜீடீ கார் மியூசியம் திறக்கப்பட்டது. இதையெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம்; ஆனால் அது விமர்சனமாகாது. பழைய காரைப் புதுப்பிப்பதும் ஒருவகை வாசிப்பு. வாசிப்பில் எதிர்பார்க்கும் நேர்மையை இதிலும் எதிர்பார்க்கலாம்.

எம்.ஜி. டி.சி. காரை எடுத்துக்கொள்வோம். 1945க்கும் 1949க்கும் இடையில் இங்கிலாந்தின் ஆபிங்டனில் சுமார் 10,000 செய்யப்பட்டன. தகட்டு உடலுக்குள் இருப்பது ஆஷ் மரச்சட்டம். 1,250 சி.சி. எஞ்சினின் போல்ட்டுகளில் புரி மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் அளவு. முன்பு பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமாயிருந்த தொழிற்சாலையின் மரபு புரியில் தங்கிவிட்டது. பிரிட்டிஷ் மெக்கானிக்கின் ஸ்பானருக்காகத் தலை மாறிற்று. ஆக, மூலமே கலப்புதான்.

இந்தக் காரில் உளுத்த ஆஷுக்குப் பதில் நம் தச்சர் ஒருவர் தேக்கு வைத்திருந்தால்? அதைப் பிடுங்கி எறிந்து, ஆஷ் வரவழைத்து, தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் பளபளப்பு வரும்வரை தேய்ப்பது ஒரு வழி. அந்தப் பளபளப்பில் இடைப்பட்ட எழுபது சொச்சம் வருஷங்களும், வண்டியை ஓடவைத்த பெயரற்ற கைகளும் காணாமல் போகின்றன. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதி, 50 வயதைக் கடந்து, சேஸிஸ், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டியையே வின்டேஜ் என்று ஏற்று ‘வி.ஏ.’ வரிசையில் எண் தருகிறது. நோக்கம் பாதுகாப்பதுதான். ஆனால் மாற்றத்தைச் சொல்பவனைவிட மறைப்பவனுக்கே இது சௌகரியம்.

உ.வே. சாமிநாதையர் தாம் தேர்ந்த பாடத்தை மேலே வைத்தார். பிற பிரதிகளின் பேதங்களை அடிக்குறிப்பில் காட்டினார். மறுக்க விரும்புபவனுக்கு அங்கே இடம் இருக்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பின் டுரின் சாசனமும், செய்த வேலையைப் பதிவுசெய்து வைக்கச் சொல்கிறது.

கார் ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும் என்பது நியாயமே. மாற்றட்டும். எதை, எந்த வருஷம், எந்த ஊர்ப் பட்டறையில், யார் மாற்றினார் என்று ஒரு நோட்டில் எழுதிக் காரோடு வைக்கட்டும். தேக்குச் சட்டம் உறுதியாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். இதற்கு மனமில்லாதவரின் ஆர்வத்தை, காரின் மீதுள்ள ஆர்வம் என்று நான் ஏற்பதற்கில்லை.