சொன்னவள் எங்கே?

சேந்தமங்கலத்தில் நின்றால் கண்ணுக்கு எதிரே கொல்லிமலை. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் ஒரு பூர்வீகக் கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிவந்த அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்வராயன், கொல்லி, பச்சை என்று மலைக்கு ஒருவராகக் குடியேறினார்களாம். 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் இந்தக் கதையும் பதிவாகியிருக்கிறது. கதை பத்திரமாக இருக்கு. சொன்னவரின் பேச்சுதான் இல்லை.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலும் இடம்பெயர்ந்த கதைதான். ஆந்திரத்திலிருந்து தப்பி ஓடிவந்ததை 137 வயதான மங்கத்தாயாரு அம்மாள் சொல்கிறாள். ஆற்றங்கரையில் தவித்து நின்றவர்களுக்காக ஒரு மரம் வளைந்து கொடுக்கிறது. மரம் எப்படி வளையும் என்று கி.ரா. குறுக்கே புகுந்து கேட்பதில்லை. 'ஆற்றைக் கடந்தார்கள்' என்று எழுதியிருந்தால் தகவல் சரியாக இருந்திருக்கும், துரத்தப்பட்டவர்களின் பயம் காணாமல் போயிருக்கும்.

பாட்டி சொன்னதை அப்படியே எழுதுவது வேறு, அப்படியே நம்புவது வேறு. துரத்திய ராஜாவைப் பற்றி மங்கத்தாயாரு சொல்வது அவள் குடும்பத்துத் தரப்பு. அவள் குரலில் வருவதால்தான் நாம் அதோடு வாதாட முடிகிறது. சொன்னவளை நீக்கிவிட்டுச் சுருக்கமாக எழுதினால் அதே கதை 'வரலாறு' ஆகிவிடும். அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது நண்பர்கள் பலர் பாட்டி தாத்தா பேச்சைப் போனில் பதிவு செய்து எழுதுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் வாசித்தால் பெரும்பாலும் தர்ஸ்டன் வழிதான். 'ஒரம்பரை' உறவினர் ஆகிறது, 'பொடக்காளி' கொல்லைப்புறம் ஆகிறது. திரும்பத் திரும்பச் சொன்னதை வெட்டிவிடுகிறார்கள். கேட்டவரின் கேள்வியையும் எடுத்துவிடுகிறார்கள், பாட்டி தானாகவே வரிசையாகப் பேசியதுபோல. திரும்பச் சொன்ன இடத்தில்தான் ஏதோ உறுத்துகிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

என் அம்மாயியின் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. பண்ணையம் எத்தனை பெரிசு, குதிரில் எவ்வளவு சோளம் என்று அரைமணி நேரம் உற்சாகமாகப் பேசுகிறாள். "காட்டுல வேலை செஞ்சவங்கெல்லாம் எங்க உக்காந்து சாப்புடுவாங்க அம்மாயி?" என்று கேட்கிறேன். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு, "அதெல்லாம் எதுக்குச் சாமி ஒனக்கு?"

குடும்பத்துக்காக எழுதும் பிரதியில் அந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். சோளக் கணக்கை வேண்டுமானால் எடுத்துவிடலாம். அந்தக் கேள்வியும், மின்விசிறிச் சத்தமும், அவள் பதிலும் இருக்கட்டும்.