துருவால் துருவைத் தடுக்கலாமா?

சங்கரன்கோவில் பக்கம் பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அது நெற்கட்டும்செவலில்தான் போய் நிற்கும். 1755இல் அங்கே பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டையைப் பிடிக்க வந்து முடியாமல் திரும்பிய கர்னல் ஹெரானின் காலத்தில், கிழக்கிந்தியக் கும்பெனி மஸ்கட்டுகளின் குழலைப் பளபளவென்று வைத்திருப்பதே வழக்கம். செங்கல் பொடி போட்டு ஓயாமல் தேய்த்ததில் குழல்களே மெலிந்தன. பிரிட்டிஷ் படை 1800 வாக்கில் பேக்கர் ரைஃபிளுக்கும், 1815 வாக்கில் சாதாரண மஸ்கட்டுகளுக்கும் பழுப்பேற்றத் தொடங்கியது. பழுப்புக் குழல் வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்காது, தினசரித் தேய்ப்பும் கேட்காது.

பழுப்பேற்றுவது பெயின்ட் அடிக்கும் வேலை அல்ல. எஃகின் மேல்தோலையே அளவோடு துருப்பிடிக்க விடுவது. முதலில் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை அறவே எடுக்க வேண்டும். அதன்பின் வெறுங்கை பட்டால் விரல்ரேகை திட்டாக நின்றுவிடும். துளையை மரக்கட்டையால் அடைத்து, இரும்பு உப்பும் அமிலமும் கலந்த கரைசலை மெலிதாகத் தடவி, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள பெட்டியில் தொங்கவிடுவார்கள். சில மணி நேரத்தில் செந்துரு பூக்கும். உதிர்வதைக் கம்பி பிரஷால் நீவி எடுத்துவிட்டு, ஒட்டி நிற்பதன்மேல் மறுபடி தடவுவார்கள். இப்படிப் பல முறை செய்து, கடைசியில் சோடா உப்புக் கரைசலில் அமிலத்தை முறித்து, வெந்நீரில் அலசி, சூடு ஆறும் முன் எண்ணெயோ தேன்மெழுகோ ஏற்றுவார்கள்.

நன்றாகச் செய்தால் அழகு அபாரம். இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கிச் செய்த குழலில் இரண்டும் வெவ்வேறு நிறம் பிடிப்பதால், உள்ளே ஒளிந்திருந்த வரிகள் மேலே தெரியும். ஈயப்பற்று வைத்த இரட்டைக் குழலுக்கும் இது பாதுகாப்பான முறை. காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்துக் கருமையேற்றும் இன்றைய முறை அந்தப் பற்றையே தின்றுவிடும்.

ஆனால் பழுப்பேற்றிவிட்டால் துருவே பிடிக்காது என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் படலம் நுண்துளைகள் நிறைந்தது. காப்பது அதில் ஊறிய எண்ணெய்தான்; எண்ணெய் வற்றினால் ஈரத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும். நவச்சாரம் போன்ற குளோரைடு உப்பு சரியாகக் கழுவப்படாமல் தங்கினால், பழுப்புக்கு அடியிலேயே அரிப்பு தொடரும். பழைய செய்முறைகள் சிலவற்றில் கொடிய நஞ்சான பாதரச உப்பும் உண்டு. அதை இன்றும் பின்பற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

ஊரின் காற்றும் இந்த வேலையில் ஒரு கூட்டாளி. சங்கரன்கோவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள கரிசல் பூமி. சித்திரை வெயிலில் கரைசல் துருவாகும் முன்பே காய்ந்துவிடும்; ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் படலம் சீராக ஏறும். மற்ற மாதங்களில் ஈரப்பெட்டி இல்லாமல் இறங்கக் கூடாது.

புதிதாகச் செய்த குழலுக்கு, மாதந்தோறும் எண்ணெய் துடைக்கப் பொறுமை உள்ளவர் கையில், இது மிக நல்ல முறை. பாளையக்காரர் காலத்துக் குழலுக்கோ இது கேடு. 1801 டிசம்பரில் கும்பெனி அரசு பாளையங்களின் ஆயுதங்களுக்குத் தடை போட்டபின் மிஞ்சியவை அரிது. அவற்றைச் சுரண்டிப் புதுப் பழுப்பு ஏற்றினால் கொல்லனின் சுத்தியல் தடமும், பொறித்த எழுத்தும், தானாக முதிர்ந்த நிறமும் ஒரே நாளில் போய்விடும். அப்புறம் அது எந்தக் காலத்தது என்று எவராலும் படிக்க முடியாது.

உரிமம் உள்ள துப்பாக்கிக்குப் பழுப்பேற்ற விரும்புவோர், 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பரணிலோ மண்ணுக்குள்ளோ பழைய குழல் கிடைத்தால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். வருவாய்த் துறைக்குத் தகவல் சொல்லி, திருநெல்வேலி அரசு அருங்காட்சியகத்தாரிடம் இருந்தது இருந்தபடியே காட்டுங்கள்.