ஒரு சொல்லில் அடங்காத் துயரம்

மோதி பாக்கில் வாழும் நம் இல்லங்களில் தமிழும் இந்தியும் ஒரே கூடத்தில் அமர்ந்து உரையாடுகின்றன. இரு மொழிக்கும் உறவான சொற்கள் பல. ஆயின் உறவு உண்டென்பதால் பொருளும் ஒன்றென்று கொள்ளுதல் கூடாது. பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவன் தான் ‘உதாஸ்’ ஆக இருப்பதாகச் சொன்னால், மனம் வாடியிருக்கிறான் என்பது பொருள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியோ, ‘உதாசீனம்’ என்ற சொல்லை நினைத்து, பேரன் யாரையோ மதியாது நடந்தான் போலும் என்று கருதக்கூடும். தேறுதல் பெறவேண்டிய பிள்ளை கடிந்துரை பெறுவான். துயரத்தின் பெயர் பிழைபடுமாயின் நேரும் இழப்பு இத்தகையது.

இலக்கியத் திறனாய்விலும் இவ்விழப்பைக் காண்கிறோம். இருள் படிந்த படைப்பு எதுவாயினும் ‘விரக்தி’ என்று முத்திரையிட்டு ஒதுக்குவோர் உளர். விரக்தி என்பது வடசொல். பற்று நீங்கிய உள்ளநிலை என்பதே அதன் முதற்பொருள். இந்தியில் இன்றும் அப்பொருளே நிலவுகிறது. தமிழ்ப் பேச்சிலோ அது மனம் வெறுத்துப்போன நிலையைக் குறிக்கிறது. துறவி தவத்தால் அடைந்ததற்கும், வேலை கிடைக்காத இளைஞன் வேண்டாமலே அடைந்ததற்கும் ஒரே பெயர்! ‘நிராசை’யும் அவ்வாறே. இந்தியில் ‘ஆஷா’ என்றால் நம்பிக்கை. தமிழில் ‘ஆசை’ என்றால் விருப்பம். ஆதலின் அவர்தம் ‘நிராஷா’ நம்பிக்கை இழந்த நிலை. நம் வழக்கில் நிராசை, விரும்பியது கைகூடாத ஏமாற்றம். விருப்பம் கைகூடாதவன் நம்பிக்கையையும் இழந்தவன் ஆகிவிடுவானா?

நம் முன்னோர் இவற்றைக் கலந்து குழப்பவில்லை. உலகின் நிலையாமையைக் காஞ்சி என்று வகுத்தனர். தலைவனை இழந்தோர் செயலற்றுப் புலம்புவதைக் கையறுநிலை என்றனர். பாரியின் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாடல் (112) கையறுநிலை. பக்குடுக்கை நன்கணியார் பாடியது (194) பெருங்காஞ்சி. ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கும் உலகைக் கண்டு, அதனைப் படைத்தவனையே பழிக்கிறார் புலவர். ஆயினும் அங்கே நின்றுவிடவில்லை. உலகின் இயல்பு உணர்ந்தோர் இதனுள்ளும் இனியவற்றைக் காண்க என்று முடிக்கிறார். இதனை அவநம்பிக்கைப் பாடல் என்போர் பாதிப் பாடலையே படித்தவர் ஆவர்.

இக்காலத்துக்கு வருவோம். தம் கதைகளின் இயல்பைக் கூறப் புதுமைப்பித்தன் (1906–1948) கையாண்ட சொல் ‘நம்பிக்கை வறட்சி’. அவநம்பிக்கை என்பது ஐயுறுதல். வறட்சி என்பதோ மழை பொய்த்த நிலத்தின் நிலை. வறண்ட நிலம் மழையை வெறுப்பதில்லை. அவருடைய ‘செல்லம்மாள்’ கதையைக் காண்க. தென்பாண்டிச் சீமையிலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்து துணிக்கடையில் உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை. நோயில் கிடக்கும் மனைவி. அவள் பிழைப்பாள் என்ற நம்பிக்கை கதையில் இல்லை. ஆயினும் அவர் செய்யும் பணிவிடை ஓரிடத்தும் குறையவில்லை. உயிர் பிரிந்த பின்னும் அவ்வுடலைப் பேணுகிறார். நம்பிக்கை வற்றிய இடத்திலும் அன்பு வற்றவில்லை. இதனை விரக்தி என்பது எவ்வாறு பொருந்தும்? ஊரை விட்டு வந்து வாழும் நமக்கன்றோ இக்கதை நன்கு விளங்கவேண்டும்!

நம் தலைநகரிலேயே வாழ்ந்து எழுதிய ஆதவனை (1942–1987) எடுத்துக்கொள்வோம். அவருடைய ‘காகித மலர்கள்’ டில்லித் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சுற்றி அமைந்த நாவல். அதன் மாந்தர் வறுமையால் வாடுவோர் அல்லர். பிறர் பார்வைக்காக வேடம் புனைந்து, அவ்வேடத்தால் களைத்தவர்கள். அவர்தம் நோய்க்கு வெறுமை என்ற பெயர் பொருந்தும். விரக்தி என்ற பெயர் பொருந்தாது. விரக்தியுற்றவன் வேடத்தைக் களைந்து எறிந்திருப்பான். இவர்களால் அது இயலவில்லை என்பதே நாவலின் துயரம். செல்லம்மாளின் கணவருக்கும் இவர்களுக்கும் ஒரே முத்திரை இடுவோமாயின், இரு படைப்புகளையும் இழந்தவர் ஆவோம்.

இது நூல்களோடு முடியும் செய்தி அன்று. ஓய்வு பெற்ற முதியவர் ‘எல்லாம் போதும்’ என்கிறார். தேர்வில் தோற்ற மகளும் ‘எல்லாம் போதும்’ என்கிறாள். முன்னவர் கூற்று நிறைவாக இருக்கலாம். பின்னவள் கூற்று கையறுநிலையாக இருக்கலாம். வேறுபாடு அறியாத செவி இரண்டுக்கும் ஒரே மறுமொழி கூறிவிடும்.

மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளி உண்டு. நம் பிள்ளைகள் குறள் பயில்கின்றனர். இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தை அவர்களுக்கு விருப்புடன் கற்பிக்கிறோம். தமக்கு நேர்ந்த இடுக்கண் இன்னது என்று பெயரிட்டு உரைக்கும் சொற்களையும் உடன் கற்பிப்போமாக. பெயரிட்டு உரைத்த துயரையே பிறர் பகிர்ந்துகொள்ள இயலும்.