கோவலன் பார்த்த கடைத்தெரு

சிலப்பதிகாரம் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வழக்குரை காதைதான். அதற்கு ஆறு காதை முன்னால் 'ஊர்காண் காதை' என்று ஒன்று இருக்கிறது. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, கோவலன் தனியாக மதுரையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறான். ரத்தினக் கடைத்தெரு வருகிறது. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள்கூட இந்த இடத்தில் நாலு பக்கம் தள்ளிவிடுவார்கள். 'சும்மா லிஸ்ட்டுப்பா' என்பது புகார்.

லிஸ்ட்தான். பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், முதல் தரமான ஸ்டாக் ரெஜிஸ்டர். வைரம் என்றால் காக்கைக் கால் மாதிரி கீறல், கறை, புள்ளி, கோடு எதுவும் கூடாது. மரகதத்தில் கோடும் இருளும் ஆகாது. பவளத்தில் உள்ளே துளை, முறுக்கு கூடாது. இன்றைக்கு வைரத்துக்கு சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறவர்கள் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக்கொண்டு தேடுவதும் இதே குறைகளைத்தான்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். மாணிக்கம், புஷ்பராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பிறப்பு ஒன்று, அழகு ஐந்து என்கிறார் இளங்கோ. கெமிஸ்ட்ரியை வைத்துத் திருத்திப் பார்க்கலாமா?

மாணிக்கமும் நீலமும் ஒரே கல். இரண்டும் அலுமினியம் ஆக்ஸைடு, அதாவது குருந்தம். (இங்கிலீஷ்காரர்களின் 'கோரண்டம்' நம்ம குருந்தத்திலிருந்து போனதுதான்.) சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. துளியூண்டு குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். நாம் லட்சக்கணக்கில் கொடுப்பது அழுக்குக்கு! அதே குரோமியம் பெரில் என்கிற வேறு கல்லில் போய் உட்கார்ந்தால் பச்சை, மரகதம். மஞ்சள் குருந்தத்தைத்தான் புஷ்பராகம் என்று விற்கிறார்கள். அதற்கும் மார்க் உண்டு. வைடூரியம் என்று இன்றைக்கு நாம் சொல்லும் பூனைக்கண்ணில் பெரிலியம் இருக்கிறது, வேறு சாதி. கோமேதகம் கார்னெட், சிலிகேட் வகை. ஆக, ஐந்துக்கு மூன்று. ஐரோப்பாவில் மாணிக்கமும் நீலமும் ஒன்றுதான் என்று தெளிவானதே சுமார் 1800-ல். இங்கிலாந்து கிரீடத்தில் 'பிளாக் பிரின்ஸ் ரூபி' என்று பெரிதாக ஜொலிக்கிறதே, அது மாணிக்கமே இல்லை, ஸ்பைனல்.

உடனே, 'விஞ்ஞானத்தை அன்றே சொன்னான் தமிழன்' என்று கிளம்பிவிடாதீர்கள். இலங்கையில் ரத்தினபுரிப் பக்கம் பள்ளம் தோண்டினால் 'இல்லம்' என்று ஒரு சரளை அடுக்கு வரும். குருந்தம், பூனைக்கண், கோமேதகம் எல்லாம் அதே சரளையில் கலந்து கிடக்கும். ஒரே குழியிலிருந்து வந்ததை ஒரே பிறப்பு என்று வியாபாரி சொல்லியிருப்பான் என்பது என் ஊகம். லாபரட்டரி இல்லாத காலத்தில் அதுவே பெரிய விஷயம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது முத்து பற்றிய வரிகள். சந்திரன், குரு, செவ்வாய் என்று கிரகங்கள் வருகின்றன. ஆனால், கல்யாணம் கூடிவர அல்ல. வெள்ளை, பொன், சிவப்பு என்று முத்தின் நிறத்தைச் சொல்ல! கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் யாரும் யாரையும் நட்சத்திரம் கேட்கவில்லை.

அடையாறில் ஒரு கடையில் சும்மா விசாரித்தேன். மாணிக்கம் என்றதும், 'என்ன நட்சத்திரம் சார்?' என்றார்கள். சூடு பண்ணின கல்லா, கண்ணாடி நிரப்பினதா என்று கேட்டேன். 'அதெல்லாம் நம்பிக்கை சார்!'

நம்பிக்கை இல்லை சார், விலை. இலங்கையின் 'கெவுடா' என்கிற பால் மாதிரிக் கல்லை 1,500 டிகிரிக்கு மேல் சுட்டால் நீலமாகிவிடும். சொல்லிவிட்டு விற்றால் அதில் தப்பே கிடையாது. விரிசலில் ஈயக் கண்ணாடி ஊற்றி மூடிய மாணிக்கம் வேறு ரகம். இந்தக் கண்ணாடிக்கு எலுமிச்சைச் சாறே ஆகாது, அரித்துவிடும். ரசம் வைக்கிற கையில் போட்டால் கோவிந்தா! ஏமாற்று ஒன்றும் புதிதல்ல. இந்தியர்கள் பளிங்குக்குச் சாயம் ஏற்றிப் போலி பெரில் செய்கிறார்கள் என்று ரோமாபுரி பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது அந்த 'லிஸ்ட்' புகாருக்கு வருகிறேன். 1892-ல் உ.வே.சா. அச்சில் கொண்டுவந்த காவியம் இது. (அவர் பெயரிலான நூலகம் பக்கத்திலேயே, பெசன்ட் நகரில்.) இளங்கோ இந்தத் தெருவை எங்கே வைத்திருக்கிறார், பாருங்கள். இரண்டு காதை தள்ளி கொலைக்களம். ஒரு முத்தின் குறையைக்கூடக் காற்றால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று பிரித்துச் சொல்லும் ஆட்கள் நிறைந்த ஊர் என்று நமக்குக் காட்டியாகிவிட்டது. அந்த ஊரில்தான் பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை ராஜா அப்படியே கேட்டுக்கொள்கிறான். சிலம்பின் உள்ளே என்ன பரல் என்று கண்ணகி வந்து கேட்கும்வரை யாரும் கேட்கவில்லை. உடைத்தால் மாணிக்கம், அரசியுடையது முத்து. தெருவிலிருந்து ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தால் போதும். அரண்மனையிலிருந்து அந்தத் தெரு எவ்வளவு தூரம் இருந்திருக்கும்?