நாவலின் முதற்பக்கம்

நாவலைத் திறனாய்வோர் கதைமாந்தர், கதைக்கோப்பு, உணர்த்தும் கருத்து ஆகியவற்றையே பெரிதும் ஆராய்கின்றனர். முதற்பக்கத்தின் மொழிநடையைப் பற்றி அவர்கள் நின்று பேசுவது அரிது. ஆயினும், கதைக்குள் புகும் வாசகன் எங்கே நிற்க வேண்டும் என்பதை உறுதி செய்வது அந்நடையே.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை நோக்குவோம். ஆசிரியர் வாசகரை அழைத்து, கற்பனை ஓடத்தில் ஏற்றிச் சோழர் காலத்துக்குக் கொண்டு செல்கிறார். ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரைமேல் வரும் வந்தியத்தேவன் என ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். கதைசொல்லியின் குரல் உடன் வருவதால் நாம் விருந்தினராகிறோம். வார இதழ்த் தொடருக்கு ஏற்ற நடை அது; குறை சொல்வதற்கில்லை.

1972இல் நூலான ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வேறு வகையினது. 1938இல் மேடானுக்குப் பிழைக்கச் சென்று, போருக்குப் பின் தாயகம் திரும்பியவர் அவர். முதல் இயலின் தலைப்பே 'கெர்க் ஸ்ட்ராட்'. மாதாகோயில் தெரு எனப் பொருள்படும் டச்சுப் பெயர் அது. கல்கியைப்போல் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் குரல் இங்கு இல்லை. 1942இல் ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதைக் காணத் திரண்ட கூட்டத்தில் நாமும் ஒருவராக நிற்கிறோம். மலாய், டச்சு, சீனச் சொற்கள் விரவிய அந்நாவலின் நடை தமிழகத்து வாசகனுக்கு அயலானது. மலேசியரான நமக்கோ அண்டை வீட்டுப் பேச்சு.

பிறமொழிச் சொற்களைத் தூவினால் நடை அமைந்துவிடும் என்று நான் கூறவில்லை. சிங்காரம் அவற்றின் அருகிலேயே பழந்தமிழ் இலக்கியத்தையும் நிறுத்துகிறார். இரண்டும் உரசும்போதுதான் புலம்பெயர்ந்தவனின் மனம் புலப்படுகிறது. அவ்வுரசல் இல்லையேல் அவை வெறும் ஊர்ப்பெயர்ப் பட்டியலே.

தம்போயில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி கதை எழுதிக் காட்டினாள். தொடக்கம் 'இரவுச் சந்தை' என்றிருந்தது. அடித்த கோட்டின் கீழே 'பாசார் மாலாம்' தெரிந்தது. அவள் வீட்டார் வாரந்தோறும் கடை போடும் இடம் அது. ஏனம்மா அடித்தாய் என்றேன்.

"தேர்வில் மதிப்பெண் குறைப்பார்களே, ஐயா" என்றாள்.

முன்பு வேறொருவர் கட்டுரையில் அச்சொல்லின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டவன் நான்தான்.